பத்துக்கு ஏழு

"பத்துக்கு எட்டு. அதுதான் தம்பி என்ர மகளின்ர விலை. விருப்பமெண்டால் எறியும், இல்லாட்டி வந்த பாதையாலை போம்."

ரூஜ் புறநகரில் உள்ள தன் வீட்டு வாசலில் நின்று அருள்நாயகம் சொன்னார். முப்பது வருடமாகப் புடைவைக் கடை நடத்துபவர். முதல் விலையை யாரிடமும் அசையாத முகத்தோடுதான் சொல்வார்.

கராஜ் கதவுக்கு மேலே கூடைப்பந்து வளையம். எதிரே பந்தோடு நின்றவன் திலக்சன். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம். அடுத்த மாதம் தொழில்முறை அணி ஒன்றின் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அந்தத் துணிச்சலில்தான் அட்சயாவைப் பெண் கேட்டு வந்திருந்தான்.

"கம்பஸிலை விழுற பந்து சம்பளத்துக்கு விழுமோ?" என்பதுதான் அருள்நாயகத்தின் கேள்வி. தொழில்முறை ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு ஒன்றரை அடி தள்ளியிருக்கிறதாம். யூடியூப்பில் பார்த்துவிட்டுத்தான் பேரத்துக்கு வந்திருந்தார். அந்தக் கோட்டில் நின்று பத்து எறிந்தால் எட்டு விழவேண்டும்.

திலக்சன் ஐந்தில் தொடங்கினான். காற்றடிக்கிறது என்றான். காற்றுக்குக் கழிவில்லை என்றார் அவர். படியில் உட்கார்ந்திருந்த அட்சயா, "நான் என்ன காஞ்சிபுரப் பட்டோ?" என்று கேட்டதை இருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஏழுக்குக் கை குலுக்கினார்கள்.

அருள்நாயகம் கடையின் அளவு நாடாவோடு முழங்காலில் தவழ்ந்து தானே அளந்தார். மறுமுனையைப் பிடிக்க வந்த மகளை விலகச் சொன்னார். "இருபத்துமூண்டு அடி, ஒன்பது அங்குலம்" என்று அறிவித்து, நீல ஒட்டுநாடாவால் தொழில்முறைக் கோட்டைப் போட்டார்.

முதல் நான்கும் விழுந்தன. ஐந்தாவது கராஜ் கதவில் மோதியது. ஆறாவது பக்கத்து வீட்டு டுலிப் பூக்களுக்குள் போனது. ஒன்பது எறிந்து முடிந்தபோது ஆறு உள்ளே, மூன்று வெளியே. அட்சயா கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

பத்தாவது பந்து வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

அருள்நாயகம் உடனே ஒட்டுநாடாவை உரித்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டபடி உள்ளே போனார்.

"கடைசிப் பந்திலை எனக்கு உயிர் போட்டுது," என்றாள் அட்சயா. "தேர்வுக்குப் போயும் இப்பிடித்தான் தடுமாறுவியோ?"

"கோடு மூண்டடி கிட்ட இருந்தது," என்றான் அவன் மெதுவாக.

"அப்பா பிழையா அளந்திட்டாரோ?"

"முப்பது வருசம் சீலை அளந்தவர் பிழை விடுவாரோ? நான் ஆறு மாசமாச் சரியான கோட்டிலை நிண்டுதான் போடுறன். இங்கை தவறவிடுறதுதான் கஷ்டமா இருந்தது."

"பிறகேன் மூண்டைத் தவறவிட்டனீ?"

"பத்தும் விழுந்தால், தான் செய்த உதவி வீணாப் போச்செண்டு மாமா கவலைப்படுவார். அவர் எனக்காக மூண்டடி குறைச்சார், நான் அவருக்காக மூண்டு பந்து குறைச்சன். கணக்குச் சரி."