ஏழாவது பலகை

அக்கா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று பிரேமலதா காலையிலேயே சொல்லிவிட்டாள். கணவன் ஜெயசீலன் சரி என்றான். பிறகு, ஜோடி ஸ்பீக்கரில் ஒரு பெட்டி பாக்கியிருக்கிறது, பலகையை வளைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றான். துணிப்பையை வாசலில் வைத்துவிட்டு அவள் பட்டறைக்கு வந்தாள். பசை தடவிய மெல்லிய பலகையை வளைந்த அச்சின் மேல் அவள் இரு கைகளாலும் அழுத்திக்கொள்ள வேண்டும். அவன் ஓரங்களில் ஆணி அடித்து முடிக்கும்வரை விடக்கூடாது. விட்டால் பலகை நிமிர்ந்துகொள்ளும். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு பலகை.

"பெட்டியோட பேசுறதுல பாதி என்கூடப் பேசியிருக்கலாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் வாயில் ஆணிகளைக் கடித்திருந்தான்.

ஆறும் முடிந்தபோது அவள் உள்ளங்கைகள் மரத்துப்போயிருந்தன. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவன் இன்னொரு பலகையில் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"ஆறுதானேங்க?"

"இதுக்கு ஏழு."

"அந்தப் பெட்டிக்கு ஆறுதானே போட்டீங்க. ஜோடி சேராதே."

"வாங்குறவங்களுக்குத் தெரியாது, லதா."

"உங்களுக்குத் தெரியும்."

அவன் பலகையை அச்சின் மேல் வைத்தான். அவள் கைகள் தாமாகவே போய் அழுத்திக்கொண்டன.

"அம்மா, வரீங்களா?" என்று ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

"இதோ, ஆணி அடிச்சதும் வரேன்," என்றாள்.

அவன் சுத்தியலைப் பிடித்தபடி, அடிக்காமல் நின்றான்.