எந்த ஆயில் நல்ல ஆயில்?

ஒரு மெக்கானிக் கடைப் பலகையில் சிந்தெடிக் ஆயில் டப்பாவும் சாதா ஆயில் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கீழே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நீலக் கார் நின்றது. ஆயில் மாற்றி இரண்டு வருஷமாகிவிட்டது. உள்ளே இருந்தது தார் மாதிரிக் கறுத்துவிட்டது. இன்றைக்காவது விடிவு வந்ததே என்று காருக்கு ஒரே குஷி.

"என்னை ஊத்திக்கோ. ரொம்ப நாளைக்கு இந்தப் பக்கமே வர வேண்டாம்" என்றது சிந்தெடிக்.

"அவன் பேச்சே அப்படித்தான். அடிக்கடி மாத்துனா நான் எதுல குறைஞ்சு போயிட்டேன்?" என்று சீறியது சாதா.

"யாராவது ஒருத்தர் இறங்கி வாங்கப்பா, தொண்டை காயுது" என்று கெஞ்சியது கார்.

காரின் சொந்தக்காரர் செல்போனும் கையுமாக நின்றார். மச்சானைக் கேட்டார், சிந்தெடிக் என்றார். சகலையைக் கேட்டார், சாதா என்றார். ஒருவர் பேச்சைக் கேட்டால் இன்னொருவர் முறுக்கிக்கொள்வார். தலையைச் சொறிந்தவர், "யோசிச்சிட்டு வரேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லி, பானெட்டைப் பட்டென்று மூடினார்.

கடகடவென்று இருமிக்கொண்டே கார் தெருவில் இறங்கியது. பலகையில் சண்டை மட்டும் ஓயவில்லை.

"என்னப்பா, முடிவாச்சா?" என்று காருக்குள்ளேயிருந்து கேட்டது பழைய கறுப்பு ஆயில்.

"எங்கே! சண்டை போன வருஷம் விட்ட இடத்துலயேதான் நிக்குது" என்றது கார்.

"ரெண்டு பேருமே நல்ல ஆயிலுப்பா. அவங்க புண்ணியத்துலதான் என் பொழப்பு ஓடுது" என்று சொல்லிவிட்டு, கறுப்பு ஆயில் நிம்மதியாகப் புரண்டு படுத்தது.