கரிமுனையும் கெண்டை மீனும்

ஆய்வுக்கூட மேசையில் ஒரு கரிமுனை இருந்தது. தண்ணீரில் முக்கி மின்சாரம் கொடுத்தால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தொட்டே சொல்லிவிடும். அது சொல்வதை மீட்டர் கோடாக வரையும்.

அன்று கருத்தடை மாத்திரை கரைத்த தண்ணீர் வந்தது. மின்சாரம் ஏற ஏற, மாத்திரையிலிருந்த செயற்கைப் பெண் ஹார்மோன் ஓடிவந்து கரிமுனையிடம் எலக்ட்ரானைக் கொட்டியது. கோடு மலைபோல எழும்பியது.

"உச்சிக்கே போயிட்டோம்ணே!" என்று மீட்டர் கத்தியது.

"பிடிச்சேன் பார்த்தியா!" என்று கரிமுனை துள்ளியது.

எலக்ட்ரானை இழந்த ஹார்மோன் எங்கும் போகவில்லை. பாலேடுபோல கரிமுனையின் முகத்திலேயே படிந்துவிட்டது.

மேசையில் கிடந்த தேய்ப்புத் துணி, "தம்பி, வா, முகத்தைத் தேய்ச்சு விடறேன். அடுத்த தண்ணி வந்தாச்சு" என்றது.

"கிட்ட வராதே! இது நான் ஜெயிச்ச அடையாளம். இதோடதான் இறங்குவேன். எல்லாரும் பார்க்கட்டும்!"

அடுத்து வந்தது ஆற்றுத் தண்ணீர். கூடவே அந்த ஆற்றில் பிடித்த ஆண் கெண்டை ஒன்றும் கண்ணாடித் தொட்டியில் வந்தது.

கரிமுனை குதூகலமாக ஆற்றுத் தண்ணீருக்குள் குதித்தது. முகத்தை மூடிய ஏடு எதையும் தொட விடவில்லை. கோடு படுத்தே கிடந்தது.

"ஒண்ணுமே இல்ல! சுத்தமான தண்ணி!" என்று கரிமுனை கூவியது.

"சுத்தமோ சுத்தம்ணே!" என்று மீட்டர் எழுதிக்கொண்டது.

தொட்டியிலிருந்து கெண்டை தலையை நீட்டியது.

"அப்புறம் எப்படிய்யா, ஆம்பளை என் வயித்துல சினை?"