பேக்கரிக்கு ஒரு ஆள்

"ஒரே ஒரு கையெழுத்து, மாஸ்டர். வேற எதுவும் கேட்டு வரலை."

முதலாளி வாசலிலேயே நின்றார். முகக்கவசம் மூக்கைவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தது. பதினாறு வருஷம் தன் பேக்கரியில் ரொட்டி போட்ட மனுஷனின் வீட்டுக்கு இன்றுதான் முதல்முறையாக வருகிறார். அதுவும் எப்போது? ஊரடங்கு போட்ட மூன்றாம் நாளே, "இனிமே வர வேணாம்" என்று போனிலேயே கணக்கை முடித்து ஐந்து மாதம் ஆன பிறகு. காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்பார்கள். கால் கிடக்கட்டும், அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உள்ள வாங்க முதலாளி. எதுக்கு வெளியில நிக்கறீங்க?" மாஸ்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நம்ம வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க அஞ்சு மாசம் ஆயிடுச்சு போல," என்றாள் மாஸ்டரின் மனைவி, சமையலறைக்குள்ளிருந்து. யாரிடம் என்றில்லாமல்தான் சொன்னாள். சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

முதலாளி பையிலிருந்து படிவத்தை எடுத்தார். நோய்க்காலத்தில் நொடித்துப்போன சிறு தொழில்களுக்கும், புதிதாகத் தொடங்கியவற்றுக்கும் அரசாங்கம் உதவி செய்கிறது. ஆறு மாத வாடகையும், வேலை செய்பவரின் சம்பளத்தில் பாதியும் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு ஆளாவது வேலையில் இருக்க வேண்டும், அந்த ஆள் கையெழுத்துப் போட வேண்டும். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது.

"பொண்டாட்டி பேரை எழுதிக் கொண்டுபோனேன் மாஸ்டர். சொந்தபந்தம் செல்லாதாம். அந்த ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க, எனக்கு வேர்த்துடுச்சு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "இது கிடைக்கலைன்னா அடுத்த மாசம் கடையைக் காலி பண்ணணும். கட்டடச் சொந்தக்காரர் பூட்டோட நிக்கறார். பொய்க் கையெழுத்து கேக்கலை. நிஜமாவே திரும்பி வந்துடுங்க."

மாஸ்டர் மேஜைமேல் துணி போட்டு மூடியிருந்த ரொட்டிகளில் ஒன்றை எடுத்து, அடியில் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"தெருவுல நாலு பேர் கேக்கறாங்க. போட்டுக் குடுக்கறேன்," என்றார்.

அப்பாடா, வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது என்று முதலாளிக்குப் பாதி பாரம் இறங்கியது.

"ஏன் முதலாளி, இப்பவும் விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிக்கறீங்களா?"

"தூக்கம் எங்க வருது? மூணு மணிக்கே முழிச்சுக்கறேன்."

"மாவு மூட்டை தூக்குவீங்களா? முதுகு வலின்னு பதினாறு வருஷமா தொட்டதே இல்லையே."

குத்திக்காட்டுகிறார் என்று முதலாளிக்குப் புரிந்தது. காட்டட்டும், நான் செய்த காரியத்துக்கு இது ரொம்பக் கம்மி என்று நினைத்துக்கொண்டார். "தூக்குவேன் மாஸ்டர். நீங்க வந்தா ஒண்ணுக்கு ரெண்டா தூக்குவேன்."

சமையலறையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது.

"ஒரு ரொட்டி கருகினா ஊரே கேக்கற மாதிரி கத்துவீங்களே?"

"இனிமே வாயைத் திறக்க மாட்டேன்."

"உங்க ஸ்கூட்டர் ஓடுதா?"

"ஓடுது."

"டீக்கடை, ஆஸ்பத்திரி கேன்டீன், நம்மகிட்ட வாங்கினவங்க நம்பரெல்லாம் பத்திரமா இருக்கா?"

"மனப்பாடமா இருக்கு. நீங்க ஊம்னு சொன்னா இன்னைக்கே எல்லாருக்கும் போன் போடறேன்."

மாஸ்டர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நின்றாள்.

"கேட்டாச்சுல்ல? சொல்லிடுங்க. பாவம், எவ்வளவு நேரம் அவரை நெளிய விடுவீங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கங்க முதலாளி. நான் கையெழுத்துப் போட முடியாது. ஒருத்தர் பேர் ஒரு ஃபாரத்துலதான் இருக்கலாம்னு சட்டம். என் பேரை ஏற்கனவே வேற ஒண்ணுல எழுதியாச்சு."

எந்த பேக்கரிக்காரன் முந்திக்கொண்டான்? கேட்க முதலாளிக்கு என்ன முகம் இருக்கிறது? படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தப்பு என்மேலதான் மாஸ்டர். கையில இருந்த தங்கத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு இப்ப தேடி வந்தா எப்படிக் கிடைக்கும்? நீங்க நல்லா இருங்க." கண்ணைத் துடைக்க முகக்கவசத்தையே பயன்படுத்திக்கொண்டு எழுந்தார்.

"அட, உட்காருங்க! எங்க கிளம்பிட்டீங்க?" மாஸ்டர் பதறிப்போய் அலமாரியைத் திறந்தார். "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி நீங்களே வந்து நிக்கறீங்க. சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்குத்தான் வர்றதா இருந்தோம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம மூணு நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்."

அவர் நீட்டியது அதே அரசாங்கப் படிவம். உரிமையாளர் என்ற இடத்தில் மாஸ்டரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, வேலை செய்பவர் என்ற இடத்தில், முத்து முத்தான எழுத்தில் முதலாளியின் பெயர்.

"பாதிச் சம்பளம் அரசாங்கம் குடுத்துடும், மீதியை நான் குடுத்துடறேன்," என்றார் மாஸ்டர். "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க, முதலாளி."