நாலாம் நம்பர் தோணி

அவர், தன் கையால் கட்டிய தோணியின் பக்கப் பலகையில் கை வைத்தபடி நின்றார். எடுக்க மனம் வரவில்லை.

பச்சை மரம்.

தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவி எவரும் பச்சை மரத்தில் கை வைத்ததில்லை. வெட்டிய மரம் ஒரு வருடமாவது கிடந்து காய வேண்டும். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் வேலைக்கு ஆகும். சொத்தென்றால் இன்னும் கிடக்கும்.

யுத்தத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? மாதம் ஒரு தோணி வேண்டும் என்றார் வெள்ளைக்காரத் துரை.

காயாத பலகை வெயிலில் சுருங்கும். மூட்டு விடும். நடுக்கடலில் தண்ணீர் ஏறும்.

துரையிடம் ஒரு தரம் சொன்னார். மறுதரம் சொல்லவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவர் கட்டிய மூன்று தோணிகள் போய்விட்டன. மூன்றிலும் அவர் தெருப் பையன்கள். ஒன்றும் திரும்பவில்லை.

ஜப்பான்காரன் குண்டு என்றது ஊர். அவரும் தலையாட்டினார். செத்தவர்கள் வீடு வீடாகத் துட்டிக்கும் போய் உட்கார்ந்தார், பாவி மனுஷன்.

இன்று காலையில்தான் மகன் கஸ்பார் ஓடிவந்து சொன்னான்.

"யப்பா, நாலாம் நம்பர்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டேன். ஒங்க கைவேலைல்லா!"

போகாதே என்று சொல்லிவிடலாம்.

இவனை இறக்கினால் இன்னொருத்தி மகன் ஏறுவான். அந்த மூன்று தோணிக்கும் திறக்காத வாயை இப்போது எந்த முகத்தோடு திறப்பது?

அவர் மனைவி மாதா சுரூபம் கோத்த கயிற்றை மகன் கழுத்தில் கட்டினாள். அப்பன் கட்டிய தோணி என்பதால் அவளுக்குப் பயமே இல்லை. சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

அவர் பலகையிலிருந்து கையை எடுத்தார்.

கஸ்பார் ஏறினான். கூட ஐந்து பேர். கயிற்றை அவிழ்த்தார்கள்.

அப்போது அவன் விளையாட்டாக அப்பாவைப் போலவே விரலை மடக்கிப் பலகையைத் தட்டினான். காதைச் சாய்த்தான்.

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த காது.

சிரிப்பு நின்றது.

இன்னொரு தரம் தட்டினான். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தோணி நகர்ந்தது. மற்ற ஐந்து பேரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவைப் பார்த்து மட்டும் கையசைத்தான்.