அக்கா சொன்ன பக்குவம்

நுரையீரல் செல்களை வளர்ப்பது பற்றி அக்காவும் தங்கையும் சேர்ந்து எழுதிய கட்டுரையை வெகுகாலம் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. போன வருடம் அக்கா மூச்சுத்திணறி இறந்த பிறகுதான் பலரும் அதை மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள்.

இன்று மதியம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஃபோன் செய்தார். தங்கை எடுத்தாள்.

“மேடம், எங்க செல்லெல்லாம் செத்துக்கிட்டே இருந்துச்சு. போன வாரம் உங்க அக்காதான் ஃபோன்ல சொன்னாங்க, செல் வளர்க்கிற தட்டை முன்னாடியே வெதுவெதுப்பாக்கி வைங்கன்னு. பிழைச்சிருச்சு!”

அந்தப் பக்குவம் கட்டுரையில் இல்லை. சகோதரிகள் இருவருக்கு மட்டுமே தெரியும். அக்கா உயிரோடு இல்லை என்று சொல்லாமல் தங்கை கேட்டாள்:

“பேசறப்போ அவளுக்கு மூச்சு வாங்குச்சா?”

“இல்லையே மேடம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லி முடிச்சாங்க.”