கப்பலேறாத மாம்பழம்

"பழத்தை உள்ளே கொண்டு வரக் கூடாது, அவ்வளவுதானே? அப்ப இங்கேயே தின்னுட்டு வரேன்."

கப்பலில் ஏறும் படிக்கட்டின் கீழ்ப்படியில், பந்தியில் உட்கார்கிற மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள் மசினா. மடியில் பை நிறைய சுவா துறைமுகச் சந்தை மாம்பழம். ஒன்றை எடுத்து, பல்லால் கடித்துத் தோலை உரித்தாள்.

காவலாளி ரோடெல் தலையைச் சொறிந்தான். படிக்கட்டைத் தூக்கினால்தான் கப்பல் கிளம்பும். அதில் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படித் தூக்குவது?

மேலே நின்று பார்த்த லோர்னாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. பிரிஸ்பேனில் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, தீவு தீவாகப் போய், கப்பலிலேயே பாடம் நடத்தும் படிப்பு இது. அதில் ஒழுங்குக்குப் பொறுப்பு லோர்னா. சொன்ன நேரத்துக்கு ஏறாத பிள்ளை, அடுத்த துறைமுகத்தில் கீழே இறங்க முடியாது. படிக்கட்டைத் தூக்கிய பிறகு யார் வந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"மசினா, நேரமாச்சு. பையைத் தூக்கிப் போட்டுட்டு மேல வா."

"சாப்பாட்டைத் தூக்கிப் போடற பழக்கம் எங்க வீட்டுல இல்ல மேடம்."

மேல்தளத்தில் கூடி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கொட்டையையும் சேர்த்து முழுங்கிவிட்டு வா என்றான் ஒருவன். வேடிக்கை போதும் என்று லோர்னா அத்தனை பேரையும் உள்ளே விரட்டினாள்.

மசினா ரோடெலிடம் ஒரு பழத்தை நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்கண்ணா."

"எனக்கு வேலை போயிடும்மா."

லோர்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அடுத்த துறைமுகம் எதுன்னு ஞாபகம் இருக்கா? ஆப்பியா."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

ஆப்பியா என்றால் மசினாவுக்கு என்ன என்று கப்பலுக்கே தெரியும். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா திரேசா அங்கேதான் இருக்கிறாள். வீடே பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தபோது அவள் மட்டும் கல்யாணமாகி சமோவாவிலேயே நின்றுவிட்டாள். அதன்பிறகு பார்க்கவே முடியவில்லை. இப்போது முதல் குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கே வருகிறாளாம். குழந்தையின் படத்தை மசினா சமையல்காரர் வரைக்கும் காட்டியாகிவிட்டது.

"ஞாபகம் இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு அடுத்த பழத்தைக் கடித்தாள்.

இனி இவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை, கேப்டனையே கூட்டி வரலாம் என்று லோர்னா விறுவிறுவென்று போனாள். அவரோடு திரும்பி வந்தபோது, மசினா முழங்கை வரை வழிந்த சாற்றைத் துடைத்தபடி நிதானமாகப் படியேறிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இப்படிப் பண்ணினே?"

"பழம் நல்லா இருந்துச்சு மேடம்."

ஆப்பியாவில் கப்பல் நிற்கிற நேரம் முழுக்க நீ இறங்கக் கூடாது என்றாள் லோர்னா. சரி என்றாள் மசினா. அழவில்லை, கெஞ்சவில்லை, நிமிர்ந்த தலை குனியவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நாளாவது விட்டிருப்பாள் லோர்னா.

சாப்பிடும்போது கணவர் டெஸ்மண்ட் மெல்லப் பேச்செடுத்தார். ஓய்வு பெற்ற மனிதர், மனைவிக்குத் துணையாகக் கப்பலில் வருபவர். பாவம், அக்காவைப் பார்க்கத்தானே, இந்த ஒரு தடவை விட்டுவிடேன் என்றார்.

"விட்டா நாளைக்கு ஒருத்தன் பலாப்பழத்தோட வந்து உட்காருவான். நீங்க சும்மா மீனைச் சாப்பிடுங்க."

அவர் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார்.

கடலில் போன நாட்களில் மசினா ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. மேடத்திடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடேன் என்று தோழிகள் சொன்னதற்கு, "தப்புப் பண்ணியிருந்தா கேட்கலாம். பழம் தின்னதுக்கெல்லாமா கேட்பாங்க?" என்றாளாம். அதுவும் லோர்னாவின் காதுக்கு வந்தது.

ஆப்பியா வந்தது. பிள்ளைகள் கூச்சலோடு இறங்கிப் போனார்கள். தண்டனை பெற்றவர்கள் உட்கார வேண்டியது நூலகத்தில். அவள் மூஞ்சி இப்போதாவது இறங்கியிருக்கிறதா பார்ப்போம் என்று லோர்னா அங்கே போனாள்.

மசினாவின் நாற்காலியில் டெஸ்மண்ட் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க? அவ எங்கே?"

அவர் ஜன்னலைக் காட்டினார். கீழே, மசினாவின் இடுப்பில் குழந்தை. அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே தங்கையின் முதுகில் செல்லமாக அடித்துக்கொண்டிருந்தாள். படியருகே ரோடெல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு தைரியம். இப்பவே கூப்பிடறேன்." லோர்னா கதவுக்குத் திரும்பினாள்.

"நான்தான் அனுப்பினேன், லோர்னா. சுவாவுல ரக்பி ஆட்டம் பார்த்துக்கிட்டே நேரத்தைக் கோட்டை விட்டுட்டேன். அந்த வழியா வந்தவ, கப்பல் போயிடும், வாங்கன்னு கூப்பிட்டா. நான் கேட்கல. அவ எனக்கு முன்னாடியே கப்பலுக்கு வந்து, நான் ஓடி வந்து சேர்ற வரைக்கும் படிக்கட்டைத் தூக்க விடாம உட்கார்ந்தா. நீ கேப்டனைத் தேடிப் போனப்பதான் நான் அவளைத் தாண்டி ஏறினேன். உன்கிட்ட சொல்லிடாதேன்னு கெஞ்சினேன். அந்தப் பொண்ணு வாயே திறக்கல."

லோர்னா கதவிலிருந்து திரும்பினாள். "என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா எனக்காகக் கப்பலை நிறுத்தியிருப்பியா? நீ நிறுத்த மாட்டேன்னு அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்." டெஸ்மண்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "இப்ப அவளைக் கூப்பிடணும்னா தாராளமாக் கூப்பிடு. ஆனா அதுக்கு முன்னாடி, என்னைக் கொண்டுபோய் சுவாவுல இறக்கி விட்டுட்டு வா."